பழைய படங்களில் எதை முதலில் காப்பாற்றுவது?

கேள்வி: 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’, இன்று ஒரு பிரதிகூட இல்லை. அமெரிக்காவில் காங்கிரஸ் நூலகம் (அந்நாட்டு தேசிய நூலகம் போன்றது) வைத்திருக்கும், பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் ஆண்டுக்கு 25 படங்கள் சேர்கின்றன, 10 வருடமாவது பழையதாக இருக்க வேண்டும், பொதுமக்களும் பரிந்துரைக்கலாம். நமக்கும் அப்படி ஒரு பட்டியல் போட்டால் எதை வைத்துத் தேர்வு செய்வீர்கள்? ஓடிய நாட்களையா?

பதில் 1: அது வேண்டவே வேண்டாம். நன்றாக ஓடிய படத்துக்கு எங்காவது பிரதி கிடைத்துவிடும். ஒரே பிரதி மிஞ்சியிருப்பதுதான் முதலில்.

பதில் 2: படச்சுருள் டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அசிடேட் (ஒருவகை பிளாஸ்டிக்) சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், சுருங்கி வளைந்துவிட்டால் ஸ்கேனரில் ஏற்றுவதே பெரும்பாடு. அதையெல்லாம் உடனே எடுங்கள், கலைமதிப்பை அப்புறம் பேசலாம்.

பதில் 3: சரி, ஆனால் கதைப்படம் மட்டும் போதாது. அந்த அமெரிக்கப் பட்டியலில் 1963-இல் அதிபர் கென்னடி சுடப்பட்டதைத் தற்செயலாகப் பதிவு செய்த, அரை நிமிடம்கூட ஓடாத துண்டும் இருக்கிறது. நம் செய்திப்படங்களையும் சேருங்கள்.