பெட்டி இருக்கிறது, பிள்ளை எங்கே? பின்லாந்தை முன்வைத்து ஒரு வழக்கு

கணக்குப்பிள்ளை:
ஐரோப்பாவில் பிள்ளை பெறுவது ஏன் குறைகிறது என்ற பேச்சில், போன வாரம் இன்னொரு இழையில் ஒரு நண்பர், "வெள்ளைக்காரனுக்குச் சுகமாக இருக்கணும், பிள்ளை சுமை, அவ்வளவுதான்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார். எதிர்த்தவர்கள் "வாடகை, விலைவாசி" என்றார்கள். எனக்கு இரண்டுமே சரிப்படவில்லை. பின்லாந்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

2010இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.87 குழந்தை. 2024இல் 1.25. வருடத்துக்கு 61,000 பிறந்த இடத்தில் 2024இல் 44,000கூட இல்லை. அரசு என்ன குறை வைத்தது? 1938இலேயே மகப்பேறுப் பெட்டி கொடுக்க ஆரம்பித்த நாடு அது. முதலில் ஏழைகளுக்கு, 1949 முதல் எல்லாருக்கும். உள்ளே துணிமணி, போர்வை. காலியானதும் அந்த அட்டைப்பெட்டியே குழந்தைக்குப் படுக்கை. 2022 ஆகஸ்டிலிருந்து தாய்க்கும் தந்தைக்கும் தலா 160 நாள் படியோடு விடுப்பு. நகராட்சிக் காப்பகத்தில் இடம் என்பது குழந்தையின் சட்ட உரிமை. காசுதான் காரணம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மில்தெரு:
நான் சொல்கிறேன். எந்த வருடத்திலிருந்து சரிகிறது என்று பாருங்கள். 2008 நெருக்கடி, அப்புறம் நோக்கியா போன் தொழில் படுத்தது, காகித ஆலைகள் வரிசையாக மூடின. வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேலையில் இருப்பவன் எந்தத் தைரியத்தில் பிள்ளை பெறுவான்? பெட்டியில் போர்வை இருக்கிறது, சரி. அடுத்த வருடச் சம்பளம் இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:
அண்ணே, அப்படியானால் 1990களை என்ன செய்வது? சோவியத் ஒன்றியம் உடைந்ததில் பின்லாந்தின் ஏற்றுமதி நொறுங்கி, வேலையின்மை 16 சதவீதத்தைத் தாண்டியது. 2008க்குப் பின் வந்த மந்தத்தைவிட மோசம். பிறப்பு விகிதம் ஏறக்குறைய 1.8இல் அப்படியே நின்றது.

மில்தெரு:
அப்போது வீட்டிலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அரசு உதவித்தொகை கிடைத்தது. வேலை இல்லாத பெண்ணுக்கு அது நல்ல ஏற்பாடு. நீங்கள் என் வாதத்துக்கே வலு சேர்க்கிறீர்கள், நன்றி.

கணக்குப்பிள்ளை:
அந்த உதவித்தொகை இன்றும் இருக்கிறதே!

வயக்காட்டான்:
சுற்றி வளைக்கிறீர்கள். பெண்கள் படிக்கப் போனார்கள், வேலைக்குப் போனார்கள், பிள்ளை வேண்டாம் என்றார்கள். எங்கள் பாட்டி பெற்றது ஒன்பது.

மில்தெரு:
வயக்காட்டான், ஐரோப்பிய ஒன்றியத்திலேயே பெண்கள் வேலைக்குப் போவது மிகக் குறைவாக உள்ள நாடுகளில் இத்தாலி ஒன்று. உங்கள் கணக்குப்படி அங்கே தொட்டில் நிரம்பியிருக்க வேண்டும். 2024இல் 1.18. அதிலும் சார்டினியாத் தீவு ஒன்றுக்கும் கீழே. இருப்பதில் மேலாக இருப்பது வடக்கே ஆல்ப்ஸ் மலையோரம், நல்ல வேலையும் காப்பகமும் உள்ள பக்கம். அப்புறம், வெள்ளைக்காரனைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று: 2020இல் பின்லாந்து 1.37, இந்திய அரசின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கில் நம் தமிழ்நாடு 1.4. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

எஸ்போவாசி:
பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கிக்குப் பக்கத்து ஊரில் பதினொரு வருடமாக இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் பிறந்தார்கள். மூத்தவளுக்குப் பெட்டி வாங்கினோம், இளையவனுக்கு அதற்குப் பதிலாகத் தரும் பணத்தை வாங்கிக்கொண்டோம். காப்பகக் கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. உச்சம் மாதம் 300 யூரோ சுமாருக்குத்தான் வரும். ஆக, பெற்றபின் எனக்குப் பெரிய கஷ்டம் இல்லை.

இரண்டு பெற்றுக்கொண்டிருந்தவர்கள் ஒன்றோடு நிறுத்தியதால் வந்த சரிவு இல்லை இது. 2010க்குப் பிறகு குறைந்ததில் பெரும்பகுதி முதல் குழந்தையே பிறக்காததால் குறைந்தது. கணக்குப்பிள்ளை தம்பி அடுக்கிய சலுகை எல்லாமே குழந்தை வந்தபின் கிடைப்பவை.

கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கு வயது முப்பத்தாறு. ஆறு வருடம் ஒருவரோடு சேர்ந்து வாழ்ந்தாள். "இந்தப் படிப்பு முடியட்டும், இந்த வேலை நிரந்தரமாகட்டும்" என்று அவர் தள்ளிக்கொண்டே போனார். பிரிந்துவிட்டார்கள். இனி ஒருவரைத் தேடி, பழகி, நம்பிக்கை வந்து... அவள் பிள்ளை வேண்டாம் என்று சொன்னதே இல்லை. இங்கே ஏறக்குறைய பாதி வீடுகளில் ஒரே ஆள்தான் வசிக்கிறார்.

வயக்காட்டான் ஐயாவுக்கு இன்னொன்று. இந்த ஊரில் பிள்ளையில்லாமலே போகும் விகிதம் அதிகம் இருப்பது படிப்பு குறைந்த ஆண்களிடம். பெண்ணின் படிப்பை மட்டும் பிடித்துக்கொண்டால் அவர்களை எங்கே வைப்பது?

வயக்காட்டான்:
அது எனக்குப் புதுச் செய்தி. ஆனால் சேர்ந்து வாழ்வது, பிரிவது, இதெல்லாம் பண்பாடுதானே? நான் சொன்னதும் அதைத்தானே?

எஸ்போவாசி:
பாதி. ஆனால் கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்வது இங்கே 2010இலும் சகஜம்தான். அப்போது 1.87.

மில்தெரு:
அக்கா சொன்னதிலேயே இருக்கிறதே, "வேலை நிரந்தரமாகட்டும்". படிப்பு குறைந்த ஆணுக்கு ஜோடி அமையாததற்கும் வேலைதானே பின்னணி? தனியாக வீடு எடுக்க வழியில்லாத பையனை யார் கட்டுவார்?

கணக்குப்பிள்ளை:
வீடு என்றால் நான் குறுக்கே வருவேன். பின்லாந்துப் பிள்ளைகள் சராசரியாக இருபத்தொன்று, இருபத்திரண்டில் பெற்றோர் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இத்தாலியில் முப்பது வயதாகிறது. வீட்டு நிலவரத்தில் வடக்கும் தெற்கும், முடிவில் இரண்டும் ஒரே பள்ளத்தில். காசு கொட்டிய ஹங்கேரியையும் பாருங்கள். 2011இல் 1.23, கடன், நான்கு பெற்ற தாய்க்கு வாழ்நாள் வருமான வரி விலக்கு என்று கொடுத்து 2021இல் 1.6 அருகே வந்தார்கள். 2024இல் மறுபடி 1.4க்குக் கீழே.

மில்தெரு:
ஹங்கேரியிலும் சலுகையில் பாதி பிள்ளைக் கணக்குப் பார்த்துத்தான். முதல் பிள்ளைக்கு முன்னால் நிற்பவனுக்கு நிரந்தர வேலை எங்கே கொடுத்தார்கள்? அதைக் கொடுத்தும் தோற்ற நாடு ஒன்றைக் காட்டுங்கள், நான் கட்சி மாறுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
கொடுத்து ஜெயித்த நாட்டை நீங்கள் காட்டுங்கள், நான் மாறுகிறேன்.

எஸ்போவாசி:
நீங்கள் இருவரும் தேடுங்கள். காப்பகம் மூட இன்னும் இருபது நிமிடம், நான் பையனைக் கூப்பிடப் போகிறேன்.