“ஊர்ல பாக்காத வெயிலா அண்ணே?” – இங்கே வெயில் உங்களையோ வீட்டாரையோ படுத்திய அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கட்டுமான சைட்டில் சேஃப்டி சூப்பர்வைசராக இருக்கிறேன், பதினோரு வருஷமாகிறது. போன வருஷம் மே மாதம் நடந்ததை இதுவரை எங்கேயும் எழுதவில்லை. இப்போது மறுபடி மே வந்துவிட்டது, புது ஆட்களும் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி, வயது 24, சைட்டுக்கு வந்து நாலாவது நாள். கம்பி கட்டுகிற வேலை. காலையில் வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் வழக்கம்போல் தண்ணீர் குடியுங்கள், புது ஆட்கள் அவசரப்படாதீர்கள் என்று சொன்னேன். “ஊர்ல பாக்காத வெயிலா அண்ணே? சித்திரை மாசத்துல செங்கல் சூளையில வேலை பாத்தவன் நான்” என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டேன். மறுநாள் கான்கிரீட் போட வேண்டும் என்ற அவசரம், புதியவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்தும் அவனை முழு நேரம் இறக்கிவிட்டார்கள். நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை.

விடிகாலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வெயில்கூடச் சுள்ளென்று இல்லை, மேகமூட்டம்தான். பதினொன்றரை இருக்கும், பக்கத்தில் வேலை செய்த பங்களாதேஷ்காரர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், தம்பி ஏற்கெனவே கட்டி முடித்த முடிச்சிலேயே கொக்கியைப் போட்டுப் போட்டு முறுக்கிக்கொண்டிருக்கிறான். கம்பி அறுந்து கையோடு வந்தும் விடவில்லை. பேர் என்ன என்று கேட்டால் “பஸ் வந்துருச்சா?” என்கிறான். கழுத்தில் கை வைத்தேன், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரிக் கொதித்தது. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறோம், அவனுக்கோ வியர்வை ஊற்றிக்கொண்டுதான் இருந்தது. உடம்பு உழைத்து வருகிற வெப்பத்தாக்கில் அப்படித்தான் இருக்கும், பேச்சு குழறுவதும் நடத்தை மாறுவதும்தான் அடையாளம்.

நிழலுக்குத் தூக்கி வந்து பூட்ஸ், சட்டை எல்லாம் கழற்றி, தண்ணீர் டிரம்மை அப்படியே அவன் மேல் சாய்த்தோம். கேன்டீனில் இருந்த ஐஸை அக்குள், தொடை இடுக்கு, கழுத்து என்று வைத்து, ரெண்டு பேர் அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தர் 995-க்குப் பேசினார். வாயில் தண்ணீர் ஊற்றப் போன ஆளை நான்தான் நிறுத்தினேன், நினைவு தடுமாறுகிறவருக்கு அது நுரையீரலுக்குப் போய்விடும். ஆம்புலன்ஸில் பார்த்தபோது உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, சிறுநீரகம் வரைக்கும் பாதித்திருந்தது.

அதற்கப்புறம் அவன் சொன்ன அந்த வார்த்தையைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது பொய் இல்லை, ஊரில் 40 டிகிரி தாங்கியவன்தான். ஆனால் அங்கே கோடையில் வியர்வை காய்ந்துவிடும், காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். இங்கே காற்றே ஈரம், வியர்வை காய்கிறதில்லை, வழிகிறதோடு சரி. சைட்டில் வெப்பத்தை அளக்கிற கருவியில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று உண்டு, வெளிவேலைக்கான கணக்கில் 70 விழுக்காடு அதற்குத்தான். வெறும் காற்றின் சூட்டுக்குப் 10 விழுக்காடுதான். அந்தக் கருவி 32 காட்டினால், கடுமையான வேலை செய்கிறவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு, 33 என்றால் 15 நிமிடம் என்று 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு விதி கொண்டுவந்தது. போனில் 31 டிகிரி என்று பார்த்துவிட்டு இன்று பரவாயில்லை என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள், இந்த 32 வேறு, அந்த 31 வேறு.

வெயில் நமக்குப் பழக்கம் என்ற நினைப்பு நம்மவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது, எனக்கு அதுதான் பயம். உங்கள் வீட்டில், வேலையிடத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்.

*

ஈசூனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வெயில் கொசுவாக வந்தது. 2022-ல் என் கணவருக்கு டெங்கி. அந்த வருஷம் சிங்கப்பூரில் 32,000 பேருக்கு மேல், 2020-ல் 35,000-ஐயும் தாண்டியது. முதல் ரெண்டு நாள் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து, பல் பிடுங்கியபோது கொடுத்த ஐபுபுரோஃபன் மிச்சம் இருந்ததை விழுங்கிவிட்டார். டெங்கியில் அது ரத்தக்கசிவைக் கூட்டும், பாராசிட்டமால் மட்டும்தான் போட வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். ஈறில் ரத்தம் வந்துவிட்டது, ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) தினமும் இறங்க இறங்க நான் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே இருந்தேன்.

வீட்டைச் சோதிக்க வந்த தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி, துளசித் தொட்டிக்கு அடியில் இருந்த தட்டில் டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு விரல்கூட மூழ்காத தண்ணீர், அதில் நூல் துண்டு மாதிரி நெளிநெளியாக ஏழெட்டு. தினமும் விளக்கு வைத்துக் கும்பிடுகிற இடம், என் கண்ணில் படவே இல்லை. முட்டையிலிருந்து கொசுவாகச் சுமார் ஒரு வாரம் போதும், சூடு கூடினால் அது இன்னும் சீக்கிரம், கொசுவின் வயிற்றுக்குள் போன கிருமி கடிக்கத் தயாராவதும் சீக்கிரம் என்று அப்புறம்தான் படித்தேன். டெங்கிக் கிருமியில் நாலு வகை, ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இரண்டாவது முறை வேறு வகை வந்தால் மோசமாகும் ஆபத்து அதிகம்.

*

2015 புகைமூட்டத்தை யாரும் சொல்லவில்லையே. மகனுக்கு அப்போது எட்டு வயது, ஆஸ்துமா. செப்டம்பர் 25-ம் தேதி பள்ளிகளையே மூடிவிட்டார்கள். எல் நினோ வறட்சியில் இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிநிலம் எரிந்தது, மக்கிய செடிகொடி சேர்ந்த மண் அது, உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும், மழை வந்தால்தான் அணையும். எங்கள் வீட்டில் அன்று ஏர்கான் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் வெக்கை. இரவெல்லாம் அவன் முதுகைத் தடவிக்கொண்டு, ஈரத்துண்டைக் கதவிடுக்கில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு தெரிந்தது.

*

தப்பாக நினைக்க வேண்டாம், உண்மையிலேயே ஒரு சந்தேகம். நான் 1980களிலிருந்து இங்கே இருக்கிறேன். அப்போதும் சூடுதான். 1983-லேயே தெங்காவில் 37 டிகிரி பதிவானது என்று படித்திருக்கிறேன். இப்போது புதிதாக என்ன?

*

ஐயா, கேட்டது நல்லது. அந்த 37.0 நாற்பது வருஷம் கழித்து 2023 மே 13-ல் அங் மோ கியோவில் மறுபடி வந்தது, அதனால் ஒரு நாள் உச்சத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். நான் பார்ப்பது சராசரியை. 1948-லிருந்து பார்த்தால் பத்தாண்டுக்குச் சுமார் கால் டிகிரி ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. இந்த நூற்றாண்டின் முடிவில் 5 டிகிரி வரை கூடலாம் என்று 2024 ஜனவரியில் வந்த தேசியப் பருவநிலை ஆய்வு சொல்கிறது. என் அம்மாவுக்கு 76 வயது, பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறார். முன்பெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் காற்றாடி போதும், தூங்கிவிடுவார். இப்போது நாலு மணிக்கு எழுந்து சமையலறைத் தரையில் போய்ப் படுத்துக்கொள்கிறார். பகலில் பட்ட சூட்டை உடம்பு இறக்கி வைப்பது இரவில்தான், அந்த இரவே குளிராவிட்டால் வயதானவர்கள் எங்கே போவார்கள்? பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கேட்டதில், கடும் வெக்கை நாட்களில் அந்த மாத்திரையின் அளவைப் பற்றி டாக்டரிடம் பேசச் சொன்னார்கள், நாங்களாக நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார்கள். வீட்டில் அந்த மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால் நீங்களும் கேட்டுவிடுங்கள்.

*

தம்பி இப்போது எப்படி இருக்கிறார் என்று சொல்லவே இல்லையே?

*

மன்னிக்கவும் அக்கா, எழுதியிருக்க வேண்டும். ரெண்டு மாதம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். வெயிலில் கம்பி வேலை வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால் ஸ்டோரில் இருக்கிறான். போன திங்கள்கிழமை அறந்தாங்கியிலிருந்து ஒரு பையன் வந்தான், அதே வயது, அதே பேச்சு. முதல் வாரம் அவனுக்கு அரை நேரம்தான் வெயில் என்று கங்காணியிடம் நானே போய் நின்று எழுதி வாங்கினேன். கொஞ்சம் சத்தம் ஆனது, ஆகட்டும். தண்ணீர்ப் பாட்டில் கொடுக்கிறது நம்ம தம்பிதான், காலியாக வந்தால்தான் அடுத்ததை நிரப்பித் தருகிறான்.