அப்பாவின் செல்லாக்காசு புட்டி

எங்கள் மளிகைக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி இருக்கும். "இது சரியில்ல அண்ணாச்சி, வேற காசு குடுங்க" என்று வாடிக்கையாளர்கள் திருப்பித் தந்ததெல்லாம் அதற்குள் போகும். அப்பா அதை எண்ணிப் பார்த்ததே இல்லை. கடை என் பொறுப்புக்கு வந்ததும் ஒரு நாள் மத்தியானம் அதைத் தரையில் கொட்டினேன். பிழைக்காசு, அதாவது அச்சடிக்கும் இடத்திலேயே பிழையாகிப்போன காசு, அதன்மேல் பித்து எனக்கு அன்றைக்குப் பிடித்ததுதான்.

முதலில் கண்ணில் பட்டது 1997ஆம் வருட எஃகு ஒரு ரூபாய். ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கடி. யாரோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து, பக்கத்து நகைப்பட்டறை ஆசாரியிடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தவர், "அரம் போட்ட தடம் இல்லையே தம்பி" என்றார். அப்புறம் கடிக்கு நேர் எதிரே விரல் நகத்தை ஓட்டிக் காட்டினார். அங்கே மட்டும் விளிம்பு எழும்பாமல் சப்பையாக இருந்தது. தராசில் 4.5 கிராம்தான் காட்டியது. முழுக் காசு 4.85 கிராம் இருக்க வேண்டும்.

காரணம் பிறகுதான் புரிந்தது. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டும்போது தகடு போதுமான அளவு நகராவிட்டால், அடுத்த வெட்டு முந்தைய ஓட்டையின் மேல் ஏறிவிடும். வில்லை பிறையளவு குறைந்தே பிறக்கும். அதன் விளிம்பை உருட்டி எழுப்பும்போது, வெட்டுப்பட்ட இடத்தில் அழுத்தம் கிடைக்காததால் நேர் எதிர்ப்பக்கமும் எழும்பாது. கடையில் உட்கார்ந்து காசை அராவுபவரால் அந்த எதிர்ப்பக்கத்துச் சப்பையை உண்டாக்க முடியாது.

அதே புட்டியில் ஒரு பழைய கனத்த ஐந்து ரூபாயும் கிடைத்தது. ஒரு பக்கம் சிங்கம் வழக்கம்போல் மேடாக. திருப்பினால் அங்கேயும் சிங்கம்தான், ஆனால் பள்ளமாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி. 5 என்ற எண் இல்லை, வருடமும் இல்லை. அச்சடித்த காசு வெளியே விழாமல் எண் பக்கத்து அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையை அந்தக் காசின் சிங்கம்தான் இடிக்கும். இதைப் புரோக்கேஜ் என்பார்கள். வடக்கே லக்கி என்கிறார்கள். எடை சரியாக 9 கிராம். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அந்த மகிழ்ச்சியில்தான் ஏமாந்தேன். ஒரு நாணயக் கண்காட்சியில் இதேபோல் பள்ளச் சிங்கம் போட்ட பதினொரு பக்க இரண்டு ரூபாயை 1,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டில் லென்ஸ் வைத்துச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், அந்தச் சிங்கத்துக்கு அடியில் இந்திய வரைபடத்தின் கோடு நசுங்கிக் கிடந்தது. அதாவது ஒழுங்காக அடித்த காசின்மேல் இன்னொரு காசை வைத்து வைஸ் என்னும் பட்டறை இடுக்கியில் இறுக்கியிருக்கிறார்கள். உண்மையான புரோக்கேஜில் அந்தப் பக்கத்தை வரைபட அச்சு தொட்டிருக்கவே கூடாது.

அன்றிலிருந்து எந்தக் காசைப் பார்த்தாலும் "மிண்ட், அதாவது நாணயச் சாலை, இயந்திரத்தால் இப்படிச் செய்ய முடியுமா?" என்றுதான் முதலில் கேட்டுக்கொள்கிறேன். பத்து ரூபாயில் வெளிவட்டம் நேராக இருக்க, நடுவட்டம் மட்டும் சாய்ந்திருக்கிறது என்று ஒருவர் கொண்டுவந்தார். இரண்டு உலோகமும் ஒரே அச்சின் ஒரே அடியில்தான் இணைகின்றன. நடு மட்டும் தனியாகத் திரும்ப வழியே இல்லை. தட்டிக் கழற்றித் திரும்பச் செருகியதுதான். இரண்டு பக்கமும் தலை உள்ள காசும் பெரும்பாலும் அப்படித்தான். விளிம்பை ஒட்டி உள்வட்டமாக ஓர் ஒட்டுக்கோடு தெரியும்.

ஒரு பக்கத்து அச்சு மட்டும் திரும்பிப்போய் அடிபட்ட காசைத் தேடுவது எளிது, செலவும் இல்லை. சிங்கத்தை நேராகப் பிடித்து, புத்தகத்தில் பக்கம் புரட்டுவதுபோல் திருப்புங்கள். நம் காசில் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். நன்றாகச் சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் எடுத்து வையுங்கள்.

வருடத்துக்குக் கீழே, எந்த ஊர் மிண்ட் என்று காட்டும் குறி இல்லாத காசைப் பிழை என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். அது கொல்கத்தாவில் அடித்தது, அவ்வளவுதான். நொய்டாவுக்குப் புள்ளி, ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், மும்பைக்கு வைரம். வைஷ்ணோ தேவி உருவம் போட்ட காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று அழைப்பு வந்தால் போனை வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியே 2021இல் இப்படிப்பட்ட மோசடி பற்றி எச்சரித்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஐந்து ரூபாய் கிடைத்த மறுநாளே, பளிச்சென்று இருக்கட்டும் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டேன். சிங்கத்தின் பிடரிப் பள்ளத்தில் மட்டும் பழைய மங்கல் நிறம் மிச்சமிருக்கிறது. மற்ற இடமெல்லாம் மெல்லிய கீறல்கள். லென்ஸ் வைக்கும்போதெல்லாம் அவைதான் முதலில் தெரிகின்றன.