புல்லட் டேங்கரை ஊருக்குள் விடலாமா?

கோவைக்காரன்:
2025 ஜனவரி 3 விடிகாலையில் கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் 18 டன் எல்பிஜியோடு (சமையல் கேஸ்) ஒரு புல்லட், அதாவது உருளை டேங்க் பூட்டிய கேஸ் லாரி, கவிழ்ந்ததே, ஞாபகம் இருக்கா? டேங்க் தனியாகக் கழன்று உருண்டது. பக்கத்துப் பள்ளிகளுக்கு லீவு விட்டு, மணிக்கணக்கில் தண்ணீர் பீய்ச்சினார்கள். 2012 ஆகஸ்டில் கேரளாவின் கண்ணூர் பக்கம் சாலா என்ற ஊரில் ஒன்று கவிழ்ந்து வெடித்ததில் 20 பேர் செத்தார்கள். பகலோ ராத்திரியோ, இந்த வண்டிகள் ஊருக்குள் வரவே கூடாது.

ஸ்டெப்னி:
அப்போ சிலிண்டருக்கு கேஸ் எப்படி வரும் அண்ணா? பல ஊர்களில் சிலிண்டரில் கேஸ் நிரப்பும் பிளான்ட்டைச் சுற்றி ஊர்தான் வளர்ந்தது. கோவையில் டேங்க் உடையவில்லை, லாரியோடு சேர்க்கும் இணைப்புதான் விட்டது. அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கோவைக்காரன்:
டேங்க் தாங்கியது சரி. கசிந்த கேஸ்? காற்றைவிடக் கனம், சாக்கடை வழியாகத் தவழ்ந்து போகும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றும்.

வால்வு:
எல்லாரும் புல்லட்டையே பார்க்கிறீர்கள். ஆபத்தான சரக்குகளுக்கான வகை எண்ணில் அது 2.1, எரியும் வாயு, சிவப்பு லேபிள். குடிநீர் சுத்திகரிக்க டன்னர் என்ற பெரிய இரும்பு உருளையில் போகும் குளோரின் 2.3, மண்டையோடு போட்ட நச்சு வாயு. ஒரு டன்னரில் சுமார் 900 கிலோ. திறந்த லாரியில் தார்ப்பாய் மூடிப் போகிறது, யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஸ்டெப்னி:
எந்த வாயுவானாலும் கசிந்தால் தண்ணீர்தானே அடிப்பார்கள்? இந்த நம்பரெல்லாம் ஆபீஸ் ஃபைலுக்கு.

வால்வு:
அங்கேதான் உயிர் போகும் தம்பி. எல்பிஜி டேங்கைக் குளிர்விக்கத் தண்ணீர் அடிக்கணும். குளோரின் கசியும் ஓட்டையில் அடித்தால் அமிலமாகி உலோகத்தை அரித்து, ஓட்டை பெரிதாகும். டன்னரை உருட்டி ஓட்டையை மேலே கொண்டு வரணும். அப்போது திரவத்துக்குப் பதில் வாயுதான் வரும். ஒரு லிட்டர் திரவம் 450 லிட்டருக்கு மேல் வாயுவாகும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. தீயணைப்பு வீரர் தூரத்திலிருந்தே வண்டிப் பலகையில் இருக்கும் லேபிளையும் ஐ.நா. எண்ணையும் (ஒவ்வொரு ஆபத்தான பொருளுக்கும் உள்ள நாலு இலக்க எண்) படித்துத்தான் முடிவெடுப்பார். 1075 என்றால் எல்பிஜி, 1017 என்றால் குளோரின். இந்தப் பலகையை மோட்டார் வாகன விதிகள் வண்டியின் இரு பக்கமும் பின்னாலும் கேட்கின்றன. தார்ப்பாய் மறைத்தால் யார் படிப்பது?

கோவைக்காரன்:
சரி, தார்ப்பாயை எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் பலகை கவிழ்வதைத் தடுக்காது. பைபாஸ் இருக்கும் ஊரில் மேம்பாலத்தில் ஏன் ஏறணும்?

ஸ்டெப்னி:
பைபாஸில் போகலாம். ஆனால் ராத்திரி மட்டும் ஓட்டு என்று டிரைவர்களைத் தூக்கத்தில் தள்ளாதீர்கள். கோவை வண்டி கவிழ்ந்ததும் விடிகாலையில்தான்.