1:50,000 தாளும் ஜீபிஎஸ் புள்ளிகளும் பொருந்தவில்லை

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு க்யூஜிஐஎஸ் (QGIS) 3.34 என்ற வரைபட மென்பொருளில் (விண்டோஸ் 10) வரைபடம் செய்கிறேன். லயம் (வரிசை வீடுகள்), பீலிக்கரை (தண்ணீர் பிடிக்கும் இடம்), கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை), மூடிப்போன பிள்ளைக்காம்பரா (பிள்ளை பராமரிக்கும் இடம்) எல்லாம் நம் ஆட்கள் சொல்லும் பெயரிலேயே வரவேண்டும். அந்தப் பெயர்கள் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

போன மாதத்திலிருந்து ஒரே இடத்தில் நிற்கிறேன். ஸ்கேன் செய்த பழைய 1:50,000 நிலஅளவைத் தாளில், போனில் எடுத்த புள்ளிகள் எல்லாமே ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளி விழுகின்றன. பீலிக்கரைப் புள்ளி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. அதே புள்ளிகள் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சரியாக உட்காருகின்றன.

தாளின் கட்டக்கோடுகள் சந்திக்கும் இடங்களை வைத்துத்தான் பொருத்தினேன். ஆயத்தொலை முறைக்கு இபிஎஸ்ஜி (EPSG) எண் 5235 (இலங்கையின் 1999 கட்டம்) கொடுத்தால் தாள் தென்மேற்கே கடலுக்குள் போகிறது. 5234 (கண்டவளை, Kandawala: இலங்கையின் பழைய நிலஅளவை ஆதாரம்) கொடுத்தால் கிட்ட வருகிறது, ஆனால் அந்த விலகல் போகவில்லை. அப்புறம் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் கூட்டியும் பார்த்தேன், மாற்றமில்லை.

கண்டவளையிலிருந்து ஜீபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84-க்கு (WGS 84) மாற்ற, க்யூஜிஐஎஸ்ஸில் எந்த உருமாற்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?