எஸ்.இ.சி. 2024: அட்லாண்டாவுக்குப் போகும் அந்த இரண்டு அணி எது?

ஆஸ்டின்வாசி | ஆகஸ்ட் 23, 2024, இரவு 8.10

அடுத்த சனிக்கிழமை எங்கள் டெக்சஸ் அணிக்கு முதல் ஆட்டம். அதற்குள் ஒரு சண்டையைத் தொடங்கி வைக்கிறேன்.

டெக்சஸும் ஓக்லஹோமாவும் ஜூலையில் வந்து சேர்ந்ததில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸில் (தென்கிழக்குக் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) இப்போது 16 அணிகள். 1992 முதல் இருந்த கிழக்கு, மேற்கு என்ற பிரிவுகள் இனி இல்லை. எல்லோருக்கும் ஒரே பட்டியல், அதில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் டிசம்பர் 7 அன்று அட்லாண்டாவில் பட்டத்துக்கு மோதுவார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு அணிக்கும் கான்ஃபரன்ஸ் ஆட்டம் 8 மட்டுமே. மீதி 7 அணிகளின் முகத்தைக்கூட அது பார்க்காது.

என் கட்சி இதுதான். ஜார்ஜியா நல்ல அணி. ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் முதலிடம் கொடுத்ததிலும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர்கள் அட்டவணையைப் பாருங்கள்: அலபாமா வெளியூர், டெக்சஸ் வெளியூர், ஓல் மிஸ் வெளியூர். எங்களுக்கோ அலபாமா, எல்.எஸ்.யூ., ஓல் மிஸ், டென்னசி, மிசௌரி ஐந்துமே அட்டவணையில் இல்லை. ஜார்ஜியாவும் அக்டோபர் 19 அன்று எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. உண்மையில் பயப்பட வேண்டிய வெளியூர் ஆட்டம் கடைசியில் வரும் டெக்சஸ் ஏ அண்ட் எம் ஒன்றுதான்.

வந்த வருடமே டெக்சஸ் அட்லாண்டாவில் இருக்கும். மறுப்பவர்கள் வரலாம்.

அட்லாண்டா அண்ணாச்சி | ஆகஸ்ட் 23, இரவு 9.02

வாங்க தம்பி. பந்தல் போடுவதற்கு முன்னாலேயே மொய் எண்ண உட்கார்ந்துவிட்டீர்கள்.

முன்பு இருந்த பிக் 12 கான்ஃபரன்ஸில் நீங்கள் பட்டம் வாங்கியது சரி. இங்கே ஆட்டம் முன்வரிசையில் தீர்மானமாகும். போன வருடம் உங்கள் டிஃபென்ஸின் (தடுக்கும் வரிசையின்) நடுவே நின்ற இரண்டு மலைகளும் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்குப் போய்விட்டன. டிவாண்ட்ரே ஸ்வெட் 366 பவுண்டு, நாட்டின் சிறந்த லைன்மேன் என்று அவுட்லாண்ட் விருது வாங்கியவர். பக்கத்தில் பைரன் மர்ஃபி, என்.எஃப்.எல். வீரர் தேர்வின் முதல் சுற்றிலேயே சியாட்டில் அணி கொத்திக்கொண்டு போனது. அந்த ஓட்டையை யார் அடைப்பது? பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் பேக்ஸ்டரும் இந்த மாதம் பயிற்சியில் முழங்கால் போய் சீசனுக்கே வெளியே.

எங்கள் ஜார்ஜியாவுக்குப் பந்து பிடிக்கும் ப்ராக் பவர்ஸ் போனது இழப்புதான், மறைக்கவில்லை. ஆனால் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் கார்சன் பெக் போன வருடம் 3,900 யார்டுக்கு மேல் எறிந்தவர், திரும்பி வந்திருக்கிறார். டிஃபென்ஸில் மலக்கை ஸ்டார்க்ஸ், மைக்கேல் வில்லியம்ஸ். 29 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்த கூட்டம் இது. வெளியூர் வெளியூர் என்று பூச்சாண்டி காட்டாதீர்கள்.

கிரிம்சன் கயல் | ஆகஸ்ட் 23, இரவு 10.25

அண்ணாச்சி, அந்த 29-ஐ 30 ஆகாமல் தடுத்தது யார் என்பதையும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே. உங்கள் ஊரிலேயே, டிசம்பரில், 27-24. உங்கள் கோச் கெர்பி ஸ்மார்ட் எங்கள் அலபாமாவோடு ஆடிய 6 ஆட்டத்தில் ஜெயித்தது 1.

அட்லாண்டா அண்ணாச்சி | ஆகஸ்ட் 23, இரவு 10.31

கயல், அந்த ஐந்தும் உங்கள் பழைய கோச் நிக் சேபன் ஜெயித்தது. அவர் ஜனவரியில் ஓய்வு பெற்றுவிட்டார். இனி கணக்கு புதிது. இரண்டு தோல்விகளுக்குமேல் ஒரு சீசனில் பார்த்தாலே ஊரே துக்கம் காக்கும் இடத்துக்கு, தெற்கில் ஒருநாளும் வேலை பார்க்காத ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

கிரிம்சன் கயல் | ஆகஸ்ட் 24, காலை 7.15

அந்த ஒருவர் தலைமை கோச்சாக 104 ஆட்டம் ஜெயித்து 12 தோற்றவர். கேலன் டிபோர். சூ ஃபால்ஸ் என்ற சின்னக் கல்லூரியில் 67-3, போன வருடம் வாஷிங்டனை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். ஆஸ்டின்வாசிக்கு இன்னொரு தகவல்: உங்கள் கோச் சார்கிசியனை இரண்டு வருடம் அடுத்தடுத்து தோற்கடித்தவரும் அவரே. சீசன் கடைசியில் நடக்கும் பௌல் ஆட்டங்களில்: அலமோ பௌல் 27-20, சுகர் பௌல் 37-31.

சேபன் போனதும் நல்ல பையன்கள் சிலர் கிளம்பினார்கள், உண்மை. கேலப் டௌன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு. எங்கள் பரம எதிரி ஆபர்னுக்கு எதிராக நான்காவது டவுன் (கடைசி வாய்ப்பு), 31 யார்டு வேண்டும் என்ற நிலையில் எங்கள் குவார்ட்டர்பேக் மில்ரோ எறிந்த பந்தை மூலையில் பிடித்தாரே ஐசயா பாண்ட், அவர் ஆஸ்டினுக்கே போய்விட்டார். எங்கள் ஊரில் அந்தப் படத்தை ஃபிரேம் போட்டு மாட்டிய கடை ஒன்று உண்டு. படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. சட்டை எண் தெரியாமல் இருக்க மேலே ஒரு காலண்டரைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஆனால் மில்ரோ எங்கும் போகவில்லை. செப்டம்பர் 28, எங்கள் மைதானம் டஸ்கலூசா. அண்ணாச்சி வந்து சேருங்கள், சாப்பாடு நம் வீட்டில்.

மிசௌரி மாணவன் | ஆகஸ்ட் 24, மதியம் 1.40

வணக்கம். கொலம்பியாவில் எம்.எஸ். இரண்டாம் வருடம். கோயம்புத்தூரிலிருந்து வரும்போது இந்த ஆட்டத்தின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. போன செப்டம்பரில் அறைத்தோழன் கான்சாஸ் ஸ்டேட் ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். 27-27, கடைசி விநாடிகள். கிக்கர் 56 யார்டிலிருந்து உதைக்க நின்றபோது, தாமதம் என்று நடுவர் 5 யார்டு பின்னால் தள்ளினார். 61 ஆகிவிட்டது. பின்னால் ஒரு தாத்தா தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். உதைத்தது உள்ளே போய்விட்டது! எஸ்.இ.சி. வரலாற்றிலேயே மிக நீண்ட ஃபீல்ட் கோல் அதுவாம். அடுத்து நினைவு வரும்போது நான் புல்தரையில் நிற்கிறேன், ஒரு செருப்பைக் காணோம்.

என் சந்தேகம்: அட்டவணைதான் முக்கியம் என்றால் எங்களை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? மிசௌரிக்கு ஜார்ஜியா இல்லை, டெக்சஸ் இல்லை, எல்.எஸ்.யூ., ஓல் மிஸ், டென்னசி எதுவும் இல்லை. பெரிய வெளியூர் ஆட்டம் இரண்டுதான், ஏ அண்ட் எம், அலபாமா. போன வருடம் 11 வெற்றி, 2 தோல்வி. காட்டன் பௌலில் ஒஹாயோ ஸ்டேட்டை 14-3. குவார்ட்டர்பேக் ப்ரேடி குக், பந்தைப் பிடிக்கும் ரிசீவர் லூதர் பர்டன் இருவரும் இருக்கிறார்கள்.

ஆஸ்டின்வாசி | ஆகஸ்ட் 24, மதியம் 3.05

தம்பி சொல்வது என் கட்சிக்கே சாட்சி. ஏ.பி. 11-ஆம் இடத்தில் வைத்த அணி, 7-1 எடுத்து அட்லாண்டாவில் நிற்கலாம். இரண்டு பேரிடம் தோற்ற ஜார்ஜியா வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். ஐ.பி.எல்.லில்கூட எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறையாவது ஆடிவிடுகிறார்கள். இங்கே அதுவும் கிடையாது.

சமநிலை வந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? நேருக்கு நேர் ஆடியிருந்தால் அதில் ஜெயித்தவர். இல்லையென்றால் இருவருக்கும் பொதுவான எதிரிகளோடு யார் மேல். அப்புறம் அந்தப் பொது எதிரிகளில் பட்டியலில் மேலே இருப்பவரிலிருந்து ஒவ்வொருவராக. அதிலும் சமம் என்றால், நாம் ஆடிய எதிரிகள் எல்லோரும் சேர்ந்து எவ்வளவு ஜெயித்தார்கள் என்ற கணக்கு. அதற்கும் கீழே புள்ளி வித்தியாசம், கடைசியில் குலுக்கல். இவ்வளவு படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறார்கள் என்றாலே, பட்டியல் குழம்பும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அட்லாண்டா அண்ணாச்சி | ஆகஸ்ட் 25, காலை 9.20

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அட்டவணை தாளில் சுலபமாகத் தெரியும். அக்டோபரில் தாள் ஆடாது.

டெக்சஸுக்குச் சுலபம் என்கிறீர்கள். போன வருடம் டஸ்கலூசாவுக்கே போய் அலபாமாவை 34-24 அடித்தீர்கள், பாராட்டினோம். அதே சீசனில் நீங்கள் தோற்றது யாரிடம்? ஓக்லஹோமாவிடம். அவர்கள் உங்கள் அட்டவணையில் இருக்கிறார்கள் அல்லவா?

ஆஸ்டின்வாசி | ஆகஸ்ட் 25, காலை 11.48

அதை ஏன் கிளறுகிறீர்கள் அண்ணாச்சி. நான் அங்கேதான் இருந்தேன்.

டல்லாஸ் காட்டன் பௌல் மைதானம் 50 யார்டு கோட்டோடு இரண்டாகப் பிளந்திருக்கும், பாதி ஆரஞ்சு, பாதி சிவப்பு. எனக்குக் கிடைத்த சீட்டு சரியாக எல்லையில். இடதுபக்கம் நம் ஆள், வலதுபக்கம் ஓக்லஹோமா குடும்பம் ஒன்று. 1 நிமிடம் 17 விநாடி இருக்கும்போது நாங்கள் 30-27 முன்னே. முன்வரிசைக்காரர் கார்னி டாக் குச்சியைக் காலி கோப்பையில் குத்திவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் கார் எடுக்கலாம் என்று எழுந்தே விட்டார். ஐந்தே முயற்சியில் ஓக்லஹோமா குவார்ட்டர்பேக் கேப்ரியல் 75 யார்டு கொண்டுபோய் டச்டவுன். மீதி 15 விநாடி. வலதுபக்கத்து அம்மா ஆட்டம் முடிந்ததும் என் தோளைத் தட்டி ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார். அவ்வளவு பரிதாபமாக இருந்திருக்கிறேன்.

ஆனால் அந்த கேப்ரியல் இப்போது ஆரெகனில். ஓக்லஹோமாவில் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் அஃபென்சிவ் லைன் ஐவரும் புதியவர்கள். அவர்களுக்கு டென்னசி, அலபாமா, ஓல் மிஸ், மிசௌரி, எல்.எஸ்.யூ. எல்லாம் உண்டு. அவர்கள் அட்டவணையைப் பார்த்தால் எனக்கே அந்தத் தண்ணீர் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றுகிறது.

மலைகள் போனது பற்றி: அந்த இடத்தில் நிற்கப்போகும் காலின்ஸ், ப்ராட்டன் இருவரும் பல வருடமாக இங்கேயே இருப்பவர்கள். எதிர்ப்பக்கம் எங்கள் அஃபென்சிவ் லைனில் நான்கு பேர் திரும்பி வருகிறார்கள். எங்கள் குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸுக்கு மூன்றாம் வருடம். எனக்கு உள்ள ஒரே கவலை அவர் தோள். இரண்டு சீசனிலும் அடிபட்டு உட்கார்ந்தார். இந்த முறை உட்கார்ந்தால் பின்னால் நிற்பது பெரிய ஃபுட்பால் குடும்பத்து வாரிசு ஆர்ச் மேனிங்.

கிரிம்சன் கயல் | ஆகஸ்ட் 25, மதியம் 2.10

மேனிங் என்ற பெயரை டெக்சஸ்காரர்கள் சொல்லாமல் நாலு பதிவு தாண்டியதே ஆச்சரியம்.

நேற்று டப்ளினில் ஃப்ளோரிடா ஸ்டேட் ஜார்ஜியா டெக்கிடம் 24-21 தோற்றதைப் பார்த்தீர்களா? பத்தாம் இடத்து அணி, சீசனின் முதல் நாளே. அண்ணாச்சி பெருமையாக வைத்திருக்கும் ஆரஞ்சு பௌல் 63-3 அந்த அணியை அடித்ததுதான். அன்றைக்கு அவர்களில் பாதிப்பேர் ஆடவே இல்லை என்பது வேறு.

அட்லாண்டா அண்ணாச்சி | ஆகஸ்ட் 25, மதியம் 2.26

63-3 என்று நான் சொல்லவே இல்லையே அம்மா. சொல்லலாம் என்று இருந்தேன், நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

மிசௌரி மாணவன் | ஆகஸ்ட் 25, மாலை 5.30

ஒரு அடிப்படைக் கேள்வி. இந்த வருடம் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் 12 அணி. கான்ஃபரன்ஸ் சாம்பியன்களில் மேலே இருக்கும் ஐந்து பேருக்கு இடம் உறுதி, மீதி ஏழு தேர்வுக் குழு கையில். அப்படியானால் அட்லாண்டாவுக்குப் போகாவிட்டாலும் உள்ளே வரலாம்தானே? எதற்கு இந்த அடிதடி?

அட்லாண்டா அண்ணாச்சி | ஆகஸ்ட் 25, மாலை 6.12

நல்ல கேள்வி. இதைத்தான் நான் சொல்ல வந்தேன். போன வருடம் நாலே இடம், 12-1 எடுத்தும் எங்களை வெளியே நிறுத்தினார்கள். இப்போது 10-2 எடுத்தால்கூட உள்ளே வர வழி இருக்கிறது. ஆகவே மூன்று கடின வெளியூர் ஆட்டத்தில் ஒன்று போனால் குடி முழுகாது. பெரிய அணிக்கு அட்டவணை பயம் குறைந்த வருடம் இது. ஆஸ்டின்வாசியின் வாதம் பழைய கணக்கு.

கிரிம்சன் கயல் | ஆகஸ்ட் 25, மாலை 7.00

அண்ணாச்சி சொல்வதில் பாதி சரி. ஆனால் சாம்பியன்களில் முதல் நான்கு பேருக்குத்தான் முதல் சுற்று ஓய்வு. அட்லாண்டாவில் தோற்பவர் 13 ஆட்டம் ஆடிக் களைத்து, ஓய்வும் இல்லாமல் டிசம்பர் 20, 21-இல் மறுபடி இறங்க வேண்டும். மூன்றாம் இடம் வந்தவர் அந்த வாரம் முழுக்கக் காலை நீட்டிப் படுத்திருந்துவிட்டு, 5 முதல் 8-க்குள் தரவரிசை வாங்கினால் சொந்த மைதானத்தில் ஆடுவார். மூன்றாம் இடமே மேல் என்று சொல்லும் காலம் வந்துவிட்டது. எனக்கு இது பிடிக்கவில்லை. பட்ட ஆட்டத்துக்குப் போவது தண்டனை மாதிரி இருக்கக் கூடாது.

ஆஸ்டின்வாசி | ஆகஸ்ட் 25, இரவு 8.44

கயல் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. சரி, கட்சியைக் கொஞ்சம் திருத்துகிறேன்: டெக்சஸ் அட்லாண்டாவுக்குப் போகும். ஆனால் போனால் ஜெயித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் போகாமலே இருந்திருக்கலாம். எதிரே ஜார்ஜியாதான் நிற்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஓல் மிஸ் பக்கம் ஒரு கண் இருக்கட்டும். அவர்கள் கோச் லேன் கிஃபின், கல்லூரி மாறும் வீரர்களுக்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் மளிகைக் கடைக்குப் போனவர் மாதிரி வால்டர் நோலன், உமன்மியெலன், ஜூஸ் வெல்ஸ் என்று அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். எல்.எஸ்.யூ.வின் டிஃபென்ஸ் போன வருடம் ஓல் மிஸ்ஸிடம் 55 புள்ளி கொடுத்தது. டிஃபென்ஸுக்குப் புதுக் கோச் வந்தாலும் ஒரே வருடத்தில் எவ்வளவு மாறும்? அவர்களை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அலபாமாவைச் சொல்ல மறந்துவிட்டேன். ஜார்ஜியா ஆட்டத்துக்கு அடுத்த வாரம் வாண்டர்பில்ட் என்று ஓய்வு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்துவைத்தவர்கள்.

மிசௌரி மாணவன் | ஆகஸ்ட் 25, இரவு 9.15

வாண்டர்பில்ட்டின் புதுக் குவார்ட்டர்பேக் டியகோ பவியா. போன நவம்பரில் நியூ மெக்சிகோ ஸ்டேட்டுக்கு ஆடி, ஆபர்ன் மைதானத்திலேயே ஆபர்னை 31-10 அடித்தவர். சும்மா சொல்லி வைக்கிறேன்.

கிரிம்சன் கயல் | ஆகஸ்ட் 25, இரவு 9.40

தம்பி, அது ஆபர்ன். அவர்களை யார் அடித்தாலும் எங்கள் வீட்டில் பாயசம். வாண்டர்பில்ட் போன வருடம் 2-10, கான்ஃபரன்ஸில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. எங்களைக் கடைசியாக ஜெயித்தது 1984-இல், நான் பிறக்கவே இல்லை. அக்டோபர் 5 நவராத்திரி நடுவில் வருகிறது. அன்றைக்கு நாலு வீட்டிலிருந்து கொலு பார்க்க வருகிறார்கள், சுண்டல் வேலை தலைக்கு மேல் கிடக்கும். அந்த ஆட்டத்துக்கெல்லாம் நான் டிவி போடப்போவதில்லை.