புரோபேட் போட்ட வக்கீல் போனை எடுப்பதே இல்லை, அப்பாவின் உயிலும் அவரிடம்தான்

கேள்வி:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா 2023 ஜனவரியில் தவறிவிட்டார். திருவல்லிக்கேணி வீட்டை அம்மாவுக்கு எழுதி வைத்துவிட்டு, உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என் பெயரில் போட்டிருக்கிறார். பதிவு செய்த உயில். சென்னைக்குள் இருக்கிற வீடு என்பதால், அப்போதிருந்த விதிப்படி உயர் நீதிமன்றத்தில் புரோபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்க வேண்டும் என்று சொல்லி ஒரு வக்கீலைப் பிடித்தோம். ஜூனில் கையெழுத்தெல்லாம் வாங்கினார், மூல உயிலையும் பாதிக்கு மேல் பீஸையும் கொடுத்தோம், துபாயில் இருக்கும் தம்பியும் சம்மதம் எழுதி அனுப்பிவிட்டான்.

அதோடு சரி. ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. முதலில் "அடுத்த மாதம் லிஸ்ட்டில் வரும்" என்றார், அப்புறம் ஜூனியர் பேசினார், இப்போது யாருமே எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. நேரில் போனால் குமாஸ்தா "சார் கோர்ட்டில் இருக்கிறார்" என்கிறார். வழக்கு எண் கேட்டால்கூடப் பதில் இல்லை. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட மாமாவுக்கு 81 வயது. அம்மா தினமும் கேட்கிறாள். வக்கீலை மாற்றலாமா, மாற்றினால் அவர் உயிலைத் திருப்பித் தருவாரா?

பதில் 1:

அக்கா, வக்கீலோடு மல்லுக்கட்டும் முன்னால் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். உயர் நீதிமன்ற இணையதளத்தில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள், ஒன்றும் வராவிட்டால் ஒரிஜினல் சைடு பிரிவில் (உயர் நீதிமன்றத்திலேயே நேரடியாகப் போடும் மனுக்களைக் கவனிக்கும் பிரிவு) நேரில் போய் விசாரியுங்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். மனுவைக் கொடுத்ததும் கிடைப்பது எஸ்.ஆர். நம்பர் என்கிற தற்காலிக எண் மட்டும். குறை இருந்தால் மனுவும் ஆவணங்களும் அடங்கிய கட்டை வக்கீலிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அதைச் சரி செய்து மறுபடி கொடுத்தால்தான் ஓ.பி. நம்பர், அதாவது முறையான வழக்கு எண், விழும். எங்கள் கட்டு பதினொரு மாதம் எங்கள் வக்கீலின் அலுவலக அலமாரியில் தூங்கியது, நாங்கள் வாய்தா போய்க்கொண்டிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். தாமதமானால் அதை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு போட வேண்டியிருக்கும், ஆனால் வழி அடைந்துவிடாது.

பதில் 2:

முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன், அம்மா. தாராளமாக மாற்றலாம். புது வக்கீலின் வக்காலத்தில் பழையவர் "ஆட்சேபனை இல்லை" என்று கையெழுத்துப் போட வேண்டும், அவர் மறுத்தால் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு மாற்றிக்கொள்ளலாம். பீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை, 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கிற மாதிரி ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள். எஸ்.ஆர். நம்பர் என்ன, கட்டு யாரிடம் இருக்கிறது, மூல உயில் எங்கே, இந்த மூன்றும்தான் கேள்வி, பதினைந்து நாள் கெடு. கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம், நாளைக்கு நீதிபதி படிக்கப் போகிற கடிதம் அது.

பதிவு உயில் என்கிறீர்களே, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். மூல உயில் தொலைந்தே போனாலும் நகலை வைத்துப் புரோபேட் கேட்க சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அது நீண்ட வேலை, அதனால் மூலத்தை விடாதீர்கள். எனக்கு உங்கள் மாமாவின் வயதுதான் கவலை. யாராவது கேவியட் (ஆட்சேப மனு) போட்டால் இது வழக்காக மாறிவிடும், அப்போது அவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

பதில் 3:

நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ஆனால் அது அவர் நடத்தையைப் பற்றிய விசாரணை, அதனால் உங்கள் மனு ஓர் அங்குலம் நகராது. முதலில் கட்டை வாங்குங்கள். இன்னொன்று, பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குப் போன் செய்து கேளுங்கள். இரண்டாவது வக்கீலுக்கும் முழு பீஸ் கொடுக்க முடியாமல் நிறையப் பேர் பழையவரையே பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நேரில் போய் விசாரித்தேன். ஓ.பி. நம்பரே விழவில்லை. தம்பியின் சம்மதப் பத்திரத்தில் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் சான்று இல்லை என்று மார்ச்சிலேயே திருப்பிவிட்டார்களாம். ஒரு போன் செய்து சொல்லியிருந்தால் தம்பி ஒரே வாரத்தில் முடித்திருப்பான். அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இன்று காலை கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டேன், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நாளை போகிறேன். தம்பியும் தூதரகத்தில் நேரம் வாங்கிவிட்டான்.